செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

எனக்கு மீன் பிடிக்காது. குழம்பில் கிடந்தால் சாப்பிடுவேன், அதோடு சரி. கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு எவ்வளவு அழகு பாருங்கள் என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொட்டாவி வரும். அப்படிப்பட்ட என் தலையில்தான் கொய் என்கிற வண்ண மீன்கள் ஐந்தைக் கட்டிவிட்டு, என் கணவர் ஆறு மாத வேலையாக ஜெர்மனிக்கு விமானம் ஏறினார்.

நூம்பலில் மனை வாங்கி வீடு கட்டியபோது வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு மல்லிகைப் பந்தல் போட வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். அந்த இடத்தில் எட்டடிக்கு ஆறடியில் சிமென்ட் தொட்டி வந்தது. கேட்டால், மல்லிகைக்குப் பூச்சி வரும் என்றார். அந்தத் தொட்டிக்கு வந்த முதல் குடித்தனக்காரன்தான் இந்தக் கதையில் வருகிற மீன். அம்பத்தூரில் வாடகைக்கு இருந்த காலத்திலேயே வாங்கியது. விரல் நீளத்தில் வந்தது முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. வெள்ளை உடம்பு, முதுகில் சிவப்புத் திட்டுகள். வீடு மாறிய அன்று அதை ஒரு பக்கெட்டில் போட்டு, காரில் நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சேலை முழுக்கத் தண்ணீர். அவர் வண்டி ஓட்டிக்கொண்டே, அது பயந்திருக்கிறதா என்று நாலு தடவை கேட்டார். நான் நனைந்திருக்கிறேனா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஐந்தாவதாகப் புது மீன் ஒன்றை வாங்கி வந்து நேராகத் தொட்டியில் விட்டார். எனக்குச் சொன்ன உத்தரவு இரண்டே வரி. காலையில் ஒரு கை தீனி போடு. மற்றபடி எதையும் தொடாதே, அதுகள் பாட்டுக்கு இருக்கும்.

இருக்கவில்லை. மே மாத வெயில் ஏறின இரண்டாவது வாரத்தில், எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காதான் முதலில் கவனித்தார். சென்னீர்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வேலப்பன்சாவடி வந்து, அங்கிருந்து நடந்து வருவார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மூன்று வருடமாக வருகிறார். வாசல் பெருக்கும்போது துடைப்பத்தை வைத்துவிட்டு உள்ளே வந்து சொன்னார்.

"பெர்சு அடியிலயே கெடக்குதும்மா. துன்ன வரல. ஓரமா சொவுத்துல ஒரசிக்கினே கீது."

போய்ப் பார்த்தேன். மற்ற நாலும் தீனிக்கு வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. இது மட்டும் துடுப்புகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு மூலையில் கிடந்தது. திரும்பியபோது இடுப்புப் பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கிழிந்து, நடுவில் சதை சிவப்பாகத் தெரிந்தது. எனக்குப் பயம் வந்தது. இது செத்தால், விமான நிலையத்தில் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியவள் நான். சொன்னவுடன் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஒன்றும் சொல்லாமலே ஒரு வருடம் இருப்பார். எனக்கு அவரைத் தெரியும்.

அன்றைக்கே வீடியோவில் காட்டினேன். மனிதர் பதறிவிட்டார். எனக்குப் போன மாசம் நாலு நாள் காய்ச்சல் அடித்தபோது பாராசிட்டமால் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனவர், மீனுக்காக அலுவலகக் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து பேசினார். ஒரு மணி நேரத்தில் பதினேழு காணொளி இணைப்புகள் அனுப்பினார். அத்தனையிலும் யாரோ ஒரு வெள்ளைக்காரர், என் வீட்டைவிடப் பெரிய குளத்தின் ஓரத்தில் நின்று, பதற வேண்டாம் என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மீனுக்கு டாக்டர் தேடிய கதையை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. கால்நடை மருத்துவர் ஒருவர், நாய் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, மீன் என்றேன். எத்தனை ஏக்கர் பண்ணை என்றார். ஒரே ஒரு மீன் என்றதும், அம்மா, கேஸ் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துவிட்டார். கடைசியில் கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் ஒருவரின் எண் கிடைத்தது. அவர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டார்.

"புச்சா ஏதாவது மீன் வுட்டீங்களா மேடம்?"

ஆமாம் என்றேன். தனியாகப் பத்து இருபது நாள் வைத்துப் பார்க்காமல் பழைய மீன்களோடு விட்டால் இப்படித்தான், புது மீன் ஒட்டுண்ணியோடு வந்திருக்கிறது, அரிப்பெடுத்து உரசி உரசிப் புண்ணாகியிருக்கிறது என்றார். இதைக் கணவரிடம் சொன்னேன். அப்படியெல்லாம் இருக்காது, நீ தீனி அதிகமாகப் போட்டிருப்பாய் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கித் தொட்டியிலேயே போட்டிருப்பேன். மீனுக்கு ஆகாது என்றுதான் விட்டேன்.

கடைக்காரர் சொன்னபடி போர்ட்டிகோ நிழலில் முந்நூறு லிட்டர் கறுப்புத் தொட்டி ஒன்றை வைத்து, காற்றுக் குழாய் மாட்டி, ஒரு கிலோ கல்லுப்பைக் கரைத்து, அதில் நோயாளியை விட்டோம். தூள் உப்பு கூடாது, கல்லுப்புதான். கரன்ட் போனால் காற்று நிற்கக் கூடாது என்று பேட்டரி மோட்டார் ஒன்று. மூன்று நாளைக்கு ஒரு முறை புண்ணைச் சுத்தம் செய்து மருந்து வைக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அன்றைக்குத்தான் அக்காவிடம் அதைச் சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். இந்த மீன் தேறுகிற வரைக்கும் தயவுசெய்து லீவு மட்டும் போடாதீர்கள், என்னால் ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாது என்று. அவர் சரிம்மா என்று தலையாட்டினார். இன்னொரு நாளும் சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது என் குரலில் கண்டிப்பு இருந்தது என்பது எனக்கே தெரியும்.

மருந்து போடும் வேலை இப்படி. ஒரு சின்ன டப்பில் தண்ணீர் எடுத்துக் கிராம்பு எண்ணெய் சில சொட்டு கலக்க வேண்டும். மீனை அதில் விட்டால் சற்று நேரத்தில் மயங்கிச் சாயும். ஈரத் துண்டில் எடுத்துக் கிடத்தி, துண்டின் ஓரத்தால் கண்ணை மூடிவிட வேண்டும். கண்ணை மூடினால் துள்ளாது. அக்கா வாலைப் பிடித்துக்கொள்வார். நான் பஞ்சால் புண்ணை ஒற்றி, செத்த தோலை எடுத்து, பழுப்பு மருந்தைத் தடவி, மேலே பசை மாதிரி ஒரு களிம்பை வைப்பேன். எல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிய வேண்டும். முதல் தடவை மருந்து மீனைவிட என் நைட்டியில்தான் அதிகம் பட்டது. மூன்றாவது தடவைக்குள் கை பழகிவிட்டது. புண்ணின் ஓரம் வெள்ளையாக மூடிக்கொண்டு வருவது தெரிந்தது. பத்தாம் நாள் இரண்டு உருண்டை தீனி சாப்பிட்டது. நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண்மணியைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொட்டித் தண்ணீர் வெள்ளையாகிவிட்டது.

அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, காற்றுக்கு. நான் வீட்டிலிருந்து பார்க்கும் அலுவலக வேலையை அப்படியே போட்டுவிட்டு, தண்ணீரை இறைத்துக் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டு, உப்பு கலந்து முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்தது. இத்தனை ஆட்டத்தில் மீன் சுவரில் மோதி, ஆறிவந்த புண் மறுபடி கிழிந்துகொண்டது.

காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. செவ்வாய்தோறும் காலையில்தான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். போர் தண்ணீர் மே மாதத்தில் உப்புக் கரிக்கும் என்பதால் லாரித் தண்ணீரை வாங்கி, பிடித்து வைத்துத் தொட்டிக்கும் கொஞ்சம் மாற்றுவேன். அடுத்த நாளே லாரிக்காரருக்குப் போன் போட்டுத் திட்டினேன். எந்தக் குட்டையில் பிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் பொறுமையாக, "யக்கா, அந்தத் தண்ணியத்தான் தெருவே குடிக்குது. ஒங்க மீனு மட்டும் இன்னா விசேஷம்?" என்றார். அதில் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அடுத்த செவ்வாய் லாரித் தண்ணீரை ஒரு சொட்டு தொடவில்லை. சாயங்காலம் தண்ணீர் வெள்ளை.

அப்படியானால் பக்கத்து மனைதான். அங்கே மூன்று மாடி எழும்பிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் சிமென்ட் தூள் எங்கள் தட்டு வரைக்கும் வரும். நான் காம்பவுண்டு சுவர் ஓரம் நின்று மேஸ்திரியிடம் சண்டை போட்டேன். என் மீன் செத்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று கத்தினேன். மேலே சாரத்தில் நின்றிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நாற்பது வயதுக்குமேல் ஒரு பொம்பளை, நெட்வொர்க் நிறுவனத்தில் பன்னிரண்டு பேருக்குத் தலைவி, நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, ஒரு மீனுக்காகத் தெருவில் கத்துகிறாள். எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. மேஸ்திரி வேறு வழியில்லாமல் ஒரு நீலத் தார்ப்பாய் கொடுத்தார். தொட்டியை மூடிக் கட்டினேன்.

தொட்டி விளிம்பில் எறும்பு ஏற ஆரம்பித்தது அந்த வாரம்தான். கறுப்பு எறும்பு, ஒற்றை வரிசை. தண்ணீர்த் தொட்டியில் எறும்புக்கு என்ன வேலை என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. எறும்புச் சாக்பீஸை எடுத்து அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். கொளத்தூர்க்காரரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் அலறினார். அது பூச்சி மருந்து, ஒரு துளி தண்ணீரில் பட்டால் மீன் அவ்வளவுதான் என்றார். ஓடிப்போய்த் துடைத்தேன்.

தினமும் சாயங்காலம் கணவரின் அழைப்பு வரும். அம்மோனியா எவ்வளவு, உப்பு எவ்வளவு, எத்தனை தீனி சாப்பிட்டது. பரீட்சைக்குப் பதில் சொல்வதுபோல் நான் சொல்வேன். தண்ணீர் வெள்ளையானதைச் சொன்னபோது, நீ ஏதோ தப்பு செய்கிறாய் என்றார். என்ன தப்பு என்றேன். தெரியவில்லை, ஆனால் ஏதோ செய்கிறாய் என்றார். நான் அழுதேன். அவரிடம் காட்டாமல், கேமராவை மீன் பக்கம் திருப்பிவைத்துவிட்டு அழுதேன். அவருக்கு அது வசதியாகத்தான் இருந்திருக்கும், மீனைத்தானே பார்க்க விரும்பினார்.

அந்த எரிச்சல் எல்லாம் யார்மேல் இறங்கும்? கையெட்டுகிற தூரத்தில் இருக்கிறவர்மேல்தான். அக்கா அப்போது வேலையை இழுத்து இழுத்துச் செய்துகொண்டிருந்தார். அரை மணியில் துடைக்கிற வீட்டை ஒரு மணி நேரம் துடைத்தார். இடது காலில் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு வந்தார். தரை ஈரத்தில் சேற்றுப்புண் வராமல் இருக்கக் கட்டிக்கொள்கிறார் போல என்று நானே முடிவு செய்துகொண்டேன். துடைத்த இடத்திலேயே அந்தக் கவர் ஈரமாகத் தடம் வைத்துக்கொண்டு போனது. ஒரு நாள் அதைச் சுட்டிக்காட்டி, என்னக்கா, துடைக்கிறதும் நீங்க, அழுக்காக்குறதும் நீங்களா என்று கேட்டேன். அவர் திரும்பப் போய் அந்த இடத்தைத் துடைத்தார்.

மூன்றாவது செவ்வாய். லாரித் தண்ணீர் இல்லை. பக்கத்து மனையில் கம்பி வேலை மட்டும், சிமென்ட் இல்லை. தொட்டிமேல் தார்ப்பாய். ஆறு மணிக்குத் திறந்தால் தண்ணீர் கஞ்சிபோல் இருந்தது, மீன் ஒருக்களித்து மிதந்தது. செவுள் அசைகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நான் இடுப்பளவு தொட்டியில் கையை விட்டு, அதை நிமிர்த்திப் பிடித்து, காற்றுக் குழாய்க்கு நேராக வாயைக் காட்டிக்கொண்டு, எதிர்வீட்டுக்காரர்கள் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் மாற்ற, ஒரு மணி நேரம் குனிந்தபடி நின்றேன். செத்துத் தொலைக்காதே, அவர் வருகிற வரைக்குமாவது இரு என்று அதனிடம் வாய்விட்டுச் சொன்னேன். கைக்குள் அதன் வயிறு மெல்ல அசைய ஆரம்பித்தபோது எனக்கு வந்த அழுகை கணவருக்காக வந்தது இல்லை. அது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

அன்றைக்குத்தான் நாட்காட்டியைப் பார்த்தேன். மூன்று முறையும் செவ்வாய். வேறு எந்தக் கிழமையும் இல்லை.

நாலாவது செவ்வாய் காலை, வழக்கம்போல் எனக்கு மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி அறைக் கதவைச் சாத்தினேன். மீட்டிங் இல்லை, அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். பக்கவாட்டுக் கதவு வழியாகக் கூடத்துக்கு வந்து ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். அக்கா வாசல் தெளித்து முடித்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். தொட்டிப் பக்கம் போய்த் தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்தார். பிறகு திண்டில் உட்கார்ந்து, இடது காலில் இருந்த கவரைக் கழற்றினார். முந்தானை முடிச்சிலிருந்து எதையோ எடுத்து, காலைச் சுற்றி மூன்று தடவை காட்டி, எழுந்து, தொட்டிக்குள் கையை முழங்கை வரை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. கையைச் சுற்றித் தண்ணீர் பழுப்பாக இறங்கியது.

வெல்லம். நல்ல உருண்டை வெல்லம், சாத்துக்குடி அளவு.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. புரிந்ததில்தான் அவமானம் அதிகம். சின்ன வயதில் எனக்குக் கழுத்தில் கட்டி வந்தபோது அம்மா செவ்வாய்தோறும் என்னைக் கோயில் குளத்துக்குக் கூட்டிப்போய் இதையேதான் செய்யச் சொன்னார். வெல்லம் கரைகிற மாதிரி கட்டியும் கரையும் என்று. குளம் பெரிது, ஒரு உருண்டை வெல்லத்தை அது கண்டுகொள்ளாது. முந்நூறு லிட்டர் தொட்டியில், கோடை வெயிலில், அத்தனை இனிப்பைப் போட்டால் கிருமி பொங்கித் தண்ணீரில் காற்றே இல்லாமல் போய்விடும். எறும்பு வந்து சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

நான் வெளியே வந்து கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. நாலு வாரம், லாரிக்காரர், மேஸ்திரி, புருஷன் என்று ஊரெல்லாம் சண்டை போட்டது மொத்தமும் சேர்ந்து அவர் தலையில் இறங்கியது. அவர் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பேசினார்.

"எங்க ஊட்டாண்ட கோயில் கொளத்த கம்பி போட்டுப் பூட்டிக்கீறாங்கம்மா. இங்க தண்ணி கீது, மீனு கீது. அதுக்கும் புண்ணு, எனக்கும் புண்ணு. ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் வேண்டிக்கினேன்."

"உங்களுக்கு எங்க புண்ணு?"

காலைத் தூக்கித் திண்டில் வைத்தார். கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக. ஓரம் வெளுத்து, நடுவில் கறுத்து, உள்ளே சிவப்பு. கடந்த நாலு வாரத்தில் அப்படி ஒரு புண்ணைப் பற்றி நான் படிக்காதது இல்லை. ஓரம் வெளுத்தால் என்ன அர்த்தம், நடு கறுத்தால் என்ன அர்த்தம், எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கால் தினமும் என் வீட்டுத் தரையில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் விட்ட அதே கையால் மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு, நான் புண்ணை ஒற்றுவதை எத்தனை தடவை அவர் என் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். புதுச் செருப்பு கடித்ததுதானாம். ஆறவே இல்லையாம்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"சீட்டு போட்டு ஒக்காந்தா மத்தியானம் ஆவும். நீங்கதான் மீனு தேறுற வரைக்கும் லீவு போடாதன்னீங்களே."

அவர் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். மீனை அவசரமாக எடுத்துப் பெரிய தொட்டியில் மற்றவற்றோடு விட்டேன். ஒட்டுண்ணி இருந்தால் இருக்கட்டும். கறுப்புத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்து அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். வழியெல்லாம் அவர், வாசல் தெளித்தது தெளித்தபடி கிடக்கிறது, கோலம் போடவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கம். அவருக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது. புண்ணைப் பார்த்த டாக்டர் ஒரு சின்னப் பெண், சிடுசிடுவென்று இருந்தார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

"மீனுக்கு ஒடம்பு முடியாம போச்சே, அன்னிலேர்ந்து" என்றார் அக்கா.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எந்த மீன் என்று கேட்டார். ஒரு மாதம் இருக்கும் என்று மட்டும் சொன்னேன். இன்னும் பத்து நாள் கழித்து வந்திருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதை அவர் அக்காவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் கணவர் அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வெல்லம், கால், டாக்டர் சொன்னது. கேட்டுவிட்டு, பாவம் என்றார். அதன்பிறகு, மீனைப் பெரிய தொட்டியில் விட்டாயே, உப்பு சரியாகப் போட்டாயா என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். அவர்மேல் எனக்கு வந்த கோபம் நியாயமானதுதான். ஆனால் நானும் ஒரு மாதமாக அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதால் அந்தக் கோபத்தை நிம்மதியாகப் படக்கூட முடியவில்லை.

இரண்டு வாரம் அக்கா வேலைக்கு வரவில்லை. வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன், சம்பளத்தில் கை வைக்கமாட்டேன் என்றும் சொல்லியிருந்தேன். அதைச் சொன்னபோது அவர், அந்த இரண்டு வாரத்துக்கும் சேர்த்துப் பிறகு எப்படி வேலை வாங்கப்போகிறீர்களோ என்பதுபோல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான். பெரிய தொட்டியில் வெல்லம் விழாததால் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. மீனைப் பிடித்து மருந்து போட ஆள் இல்லாததால் ஒற்றை ஆளாக, நைட்டியெல்லாம் நனைய, நானே போட்டேன். புண் மூடியது. மேலே புதுத் தோல், அதில் சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, சாம்பல் நிறம். ஒரு நாள் காலையில் கையில் தீனியோடு குனிந்தபோது மற்ற நாலையும் தள்ளிக்கொண்டு இது முதலில் வந்தது. விரலைச் சப்பியது. கணவருக்குப் படம் அனுப்பினேன். பத்து இதயக் குறிகள் வந்தன. மீனுக்குத்தான்.

அக்கா திரும்பி வந்த முதல் நாள், பையை வைப்பதற்கு முன்பே தொட்டியை எட்டிப் பார்த்தார். தழும்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"கரைஞ்சிச்சா, இல்லியா?"

வெல்லம் போட்டதால்தான் அது சாகக் கிடந்தது, போடாததால்தான் பிழைத்தது என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை அவர் கணக்கில் அந்த மீன் வெல்லத்தால் பிழைத்ததுதான். டீயில் சர்க்கரையையும் இன்னும் விடவில்லை. அதற்கு வாரம் ஒரு சண்டை நடக்கிறது.

கால் முழுக்க ஆறவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். அதற்காக ஆஸ்பத்திரியில் போய் உட்கார மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, போர்ட்டிகோவில் அதே திண்டில் உட்காரவைத்து நான்தான் மாற்றுகிறேன். முதல் நாள் மீனுக்குச் சிந்தியதைவிட அதிகமாக மருந்தைச் சிந்தினேன். மருந்துப் பஞ்சைப் புண்ணில் வைத்ததும் அவர் உடம்பு துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"மீனுக்குன்னா கண்ண மூடி வுட்டுட்டு மருந்து போட்டீங்க. எனக்கு ஒண்ணும் கெடையாதா?"

பக்கத்தில் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். பஞ்சைக் கீழே வைக்கவும் முடியாது, கையெல்லாம் மருந்து. நான் அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு, அவரே முந்தானையை எடுத்துத் தன் கண்ணை மூடிக்கொண்டு, காலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினார்.